நீலத்தைக் கூட்டினால் மடுல்சீமை

1

பாலைவனத்துக்கு நிறம் கூடிப்போய்விட்டதாம். ஊருக்குப் புதிதாக வந்திருக்கும் ஹோட்டலின் மேனேஜர் கடைக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். வரவேற்பறையிலும் நடைகளிலும் மாட்டப் பெரிய பெரிய மணல்மேட்டுப் படங்கள் வேண்டும், ஆனால் எல்லாம் கறுப்பு வெள்ளையில் வேண்டும் என்றார். செம்மஞ்சள் மணலைப் பார்த்தால் வந்து தங்குகிறவர்களுக்கு வெயில் நினைவுக்கு வருகிறதாம். பாலைவனத்தின் நடுவில் ஹோட்டலைக் கட்டி வைத்துக்கொண்டு வெயில் நினைவுக்கு வரக்கூடாது என்றால் நான் என்ன சொல்ல? சரி என்றேன். இந்த நாட்டில் நான் அதிகம் சொன்ன சொல் அதுதான்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இலங்கை மலைநாட்டில், மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவன் நான். பதுளை டவுனில் ஒரு ஸ்டூடியோவில் இருட்டறை வேலை பழகினேன். தொண்ணூறுகளின் நடுவில் ஓமானுக்கு வந்தேன். கடற்கரைப் பக்கம் இல்லை. உள்ளே, பாலைவன ஓரத்தில் ஒரு சின்ன ஊர். ஹம்சாக்கா என்று நாங்கள் கூப்பிடும் மலையாளி அண்ணன் நடத்தும் ஸ்டூடியோவில் அன்றிலிருந்து இன்றுவரை வேலை. பாஸ்போர்ட் படம், விசா படம், தொழிலாளர் அட்டைப் படம். காது தெரிய வேண்டும், பல் தெரியக்கூடாது. வங்காளி, பாகிஸ்தானி, நேபாளி, எல்லோரையும் சிரிக்காமல் உட்கார வைத்துப் படம் எடுத்தே எனக்கும் சிரிப்பு மறந்துபோயிற்று என்று என் மனைவி சாந்தி சொல்வாள்.

ஹோட்டல்காரர் கேட்ட மணல்மேட்டுப் படங்கள் எங்களிடம் நிறைய இருந்தன. வெள்ளிக்கிழமை காலையில் கடை மூடியிருக்கும். ஹம்சாக்காவின் பழைய பிக்கப்பை இரவல் வாங்கிக்கொண்டு நானும் சாந்தியும் மகள் நித்யாவும் மணலுக்குப் போய்விடுவோம். போக வேறு இடம் இல்லை என்பதுதான் முதல் காரணம். நான் எடுத்த படங்கள் பாதி என்றால், மற்றப் பாதி நித்யா எடுத்தது. கமெராவைத் தூக்கும் வயது வந்ததில் இருந்து அவள் எடுக்கிறாள். உண்மையைச் சொன்னால் என்னுடையதைவிட அவளுடையது நன்றாக இருக்கும். எந்த மேட்டில் எந்த நேரத்தில் வெளிச்சம் எப்படி விழும் என்று அவளுக்குத் தெரியும். இந்த ஊரின் அரசாங்க ஆஸ்பத்திரியில் பிறந்தவள் அவள்.

இந்த ஹோட்டல் வேலைதான் எங்கள் கடையின் கடைசிப் பெரிய வேலை. கடை யார் பெயரில் இருக்கிறதோ அந்த உள்ளூர்க்காரரை நாங்கள் அர்பாப் என்போம். எங்கள் எல்லோருடைய விசாவும் அவர் கையெழுத்தில்தான் தொங்குகிறது. அவர் கடையைக் கைத்தொலைபேசி விற்கிறவர்களுக்குக் கொடுக்கப் போகிறார். விசா ரத்தாகும். என் விசா போனால் சாந்தி, நித்யா இருவர் விசாவும் கூடவே போகும். பள்ளிக்கூட வருஷம் முடிந்ததும் நாங்கள் ஊருக்குப் போகிறோம், பதுளைக்கு, ஒரேயடியாக.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். சாந்திக்கும் அப்படித்தான். நித்யாதான் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போகிறாள்.

2

கறுப்பு வெள்ளை ஆக்குவது என்றால் நிறத்தைத் துடைத்துவிடுவது என்று பலரும் நினைக்கிறார்கள். கம்ப்யூட்டரில் ஒரே அமுக்கில் துடைத்துவிடலாம்தான். ஆனால் பாலைவனப் படத்தை அப்படித் துடைத்தால் மணலும் வானமும் ஒரே சாம்பலாகி, ஆறிப்போன கஞ்சி மாதிரிக் கிடக்கும்.

ஒவ்வொரு வண்ணப் படத்துக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று படங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. மூன்றையும் எந்த அளவில் கலப்பது என்பது வேலை செய்கிறவன் கையில். சிவப்பைக் கூட்டினால் மணல் வெளுக்கும், நீல வானம் கறுக்கும். மேட்டின் விளிம்பு கத்தி முனை மாதிரித் தெரியும். ஹோட்டல்காரருக்கு வேண்டியது அதுதான். ஒரு மாதிரிப் படம் போட்டுக் காட்டினேன். இது பனி நாடு மாதிரி இருக்கிறதே என்று கையைத் தட்டினார். பாலைவனத்தைப் பனி நாடாக்கிய பெருமை என்னைச் சேரட்டும்.

நீலத்தைக் கூட்டினால் எல்லாம் தலைகீழ். வானம் வெளுத்து ஒன்றுமில்லாமல் போய்விடும். மணல் கறுத்து இறுகிவிடும். காற்று மணலில் இழுத்துவிட்ட வரிகள் மட்டும் தனித்தனியாக எழுந்து நிற்கும். டிஜிட்டல் வந்த புதிதில் தற்செயலாக நான் அப்படிச் செய்து பார்த்தேன். செய்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். திரையில் மடுல்சீமை. பனி இறங்கிய வானம், கறுத்த மலை, மலையில் வரிவரியாகத் தேயிலை. அன்றைக்கு வேறு வேலை ஓடவில்லை.

வீட்டுக்கு வந்து சாந்தியிடம் சொன்னேன். அவள் பருப்பைத் துழாவிக்கொண்டே கேட்டாள்.

“உங்களுக்கு எதப் பாத்தாலும் தோட்டந்தான். இந்தச் சட்டிக்குள்ளயும் ஒரு லயம் தெரியுதா, எட்டிப் பாருங்க.”

அவள் கேலி செய்தாலும் நான் விடவில்லை. அதற்குப் பிறகு எந்த மணல்மேட்டுப் படம் கையில் வந்தாலும் ஒரு பிரதி எடுத்து நீலத்தைக் கூட்டிப் பார்ப்பேன். கம்ப்யூட்டரில் ஒரு மூலையில் அவற்றையெல்லாம் சேர்த்து வைத்திருக்கிறேன். வேலை இல்லாத நேரத்தில் திறந்து வைத்துக்கொண்டு இருப்பேன். ஹம்சாக்கா பார்த்துவிட்டு, எந்த நாட்டு மலை என்று கேட்டார். என் நாட்டு மலை என்றேன். நல்ல பச்சையாக இருக்குமே என்றார் அவர், கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்துக்கொண்டே.

3

கறுப்பு வெள்ளையின் சூழ்ச்சியை எனக்கு முதலில் காட்டியவர்கள் எங்கள் தோட்டத்துப் பெண்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அடையாள அட்டை இல்லாத தமிழன் பண்டாரவளைக்கு மரக்கறி விற்கப் போய்த் திரும்புவதே பெரும்பாடு. யுத்த காலம், வழிக்கு வழி ஆமிக்காரர்கள் மறிப்பார்கள். தோட்டத்தில் பாதிப்பேருக்கு அட்டை கிடையாது. பிறப்புச் சான்றிதழ் இருந்தால் பிரஜாவுரிமைப் பத்திரம் இல்லை, அது இருந்தால் இது இல்லை. ஒருவழியாக எல்லாம் சேர்ந்த பிறகு படம் வேண்டும். பதுளை ஸ்டூடியோவில் இருந்து நாங்கள் தோட்டம் தோட்டமாகப் போவோம். வெள்ளை வேட்டி ஒன்றைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துச் சுவரில் கட்டி, முன்னால் ஒரு ஸ்டூல். அவ்வளவுதான் ஸ்டூடியோ.

பெண்கள் தீபாவளிச் சேலையைக் கட்டிக்கொண்டு வருவார்கள். சிவப்புச் சேலை, பச்சைக் கரை. எவ்வளவு சொன்னாலும் கேட்கமாட்டார்கள். படத்தைக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தால் சேலையும் கரையும் ஒரே சாம்பலாக இருக்கும். ஒரு அக்கா படத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பச்சைக் கரையை நீதான் எடுத்துக்கொண்டாய் என்று என்னோடு சண்டைக்கே வந்துவிட்டார். சிவப்பும் பச்சையும் கறுப்பு வெள்ளையில் ஒன்றுதான் அக்கா என்று நான் விளக்கினேன். அது எப்படி ஒன்றாகும், எனக்குக் கண் இல்லையா என்று கேட்டார். இன்று அவர் சொன்னதே சரி என்று தோன்றுகிறது.

அந்தப் படங்களுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. தோட்டத்தில் யாராவது கண்ணை மூடினால், வீட்டில் உள்ள ஒரே படம் அடையாள அட்டைப் படம்தான். அதைக் கொண்டுவந்து பெரிதாக்கித் தரச் சொல்லிக் கேட்பார்கள். முழங்கை நீளத்துக்குப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, பொட்டு வைத்து, சுவரில் ஏற்றுவார்கள். உயிரோடு இருக்கிறவர்களுக்குக் கலர்ப் படம், கல்யாணப் படம், பெண் பெரியவளான சாமத்தியப் படம். கறுப்பு வெள்ளை சுவரில் ஏறினால் ஆள் போய்விட்டார் என்று அர்த்தம். இது யாரும் சொல்லிக் கொடுத்த வழக்கம் இல்லை. அட்டைப் படத்தால் தானாக வந்த வழக்கம்.

4

மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை லீவு. போன லீவில் நித்யாவையும் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனோம். பதுளையில் இருந்து மடுல்சீமை பஸ் ஏறி, பஸ் விட்ட இடத்தில் இருந்து லொறியில் தொற்றி, அப்புறம் நடை. மழை. அவளுக்குக் காலில் அட்டைப் பூச்சி ஏறிவிட்டது. இரத்தத்தைப் பார்த்துக் கத்தினாள். லயமே கூடிவிட்டது. ஒருத்தி சவர்க்காரம் கொண்டு வந்தாள், ஒருத்தி உப்புக் கொண்டு வந்தாள். வெளிநாட்டுப் பிள்ளை என்று ஆளாளுக்குக் கன்னத்தைத் தடவினார்கள். அவள் பேசும் தமிழைக் கேட்டுச் சிரித்தார்கள். பாதி எங்கள் வீட்டுத் தமிழ், பாதி பள்ளிக்கூடத்து மலையாளப் பிள்ளைகளின் பேச்சு. சோறு போதும் என்பதற்கு ‘மதி’ என்பாள். கோபம் வந்தால் அரபு.

அவளுக்குக் குளிரைவிட, அட்டையைவிட, மலைதான் பிடிக்கவில்லை. காலையில் வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

“எங்க பாத்தாலும் மலை வந்து மறைக்குதுப்பா. தூரமா ஒண்ணும் பாக்க முடியல.”

எனக்குச் சுருக்கென்றது. இந்த மலையைப் பார்க்கத்தான் நான் மூன்று வருஷம் நாளை எண்ணிக்கொண்டு இருக்கிறேன். இவளுக்கு அது மறைப்பாம். குழந்தைதானே, பழகினால் சரியாகிவிடும் என்று சாந்தியிடம் சொன்னேன்.

அப்பாவுக்கு என்று ஒரு படம் கொண்டு போயிருந்தேன். நீலம் கூட்டிய மணல்மேடு, பெரிய பிரதி. அப்பா வாலிபத்தில் இருந்தே கவ்வாத்து வெட்டியவர். தேயிலைச் செடியை இடுப்பளவில் ஒரே மட்டமாக வெட்டி விடும் வேலை. வெட்டி முடித்த மலை கொஞ்ச காலத்துக்கு மொட்டையாக, வரிசை வரிசையாகக் குச்சிகளோடு நிற்கும். அப்பா படத்தை வாங்கிக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். கண் கூசுகிற மாதிரிச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

“எந்தத் தோட்டம்பா இது? கவ்வாத்து நல்லா வெட்டியிருக்கானுங்க. வரிசை கொஞ்சங்கூடப் பெசகல. நம்ம பதினாறாம் நம்பர் மலைய அந்தக் காலத்துல இப்பிடித்தான் வெட்டுவோம்.”

லயத்து அறையான காம்பிராவில் இருந்தவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஆமாம் ஆமாம், பதினாறாம் நம்பர்தான், மேலே அந்தப் பாறை இருந்தால் அச்சு அதேதான் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். அந்தச் சந்தோஷம் எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை. பாலைவனத்தைக் காட்டி ஒரு கவ்வாத்துக்காரரை ஏமாற்ற முடிந்தால், இத்தனை வருஷமும் நான் தோட்டத்தை விட்டு ரொம்பத் தூரம் போய்விடவில்லை என்றுதானே அர்த்தம்?

நித்யா மட்டும் மெதுவாகச் சொன்னாள், “தாத்தா, அது எங்க ஊரு.”

சிரிப்புச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. கேட்டும் நான் ஒன்றும் சொல்லவில்லை. அப்பா அந்த மணல்மேட்டுப் படத்துக்குக் கண்ணாடி போடச் சொல்லி, சுவரில் என் தாத்தாவுக்கும் அம்மாவுக்கும் பக்கத்தில் மாட்டினார்.

5

ஹோட்டல் படங்களைச் செய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம் நித்யா பள்ளிக்கூடத்தில் இருந்து நேராகக் கடைக்கு வந்தாள். நான் அப்போது ஹோட்டல் வேலையை முடித்துவிட்டு என் வேலையைச் செய்துகொண்டிருந்தேன். திரையில் இருந்தது அவள் எடுத்த படம். மணல்மேடுகளுக்கு அவள் பெயர் வைத்திருக்கிறாள். இதன் பெயர் சாயந்தர மேடு. பொழுது சாயும் நேரத்தில் இந்த வட்டாரத்திலேயே அதிகம் சிவப்பது அதுதான். நான் அதில் நீலத்தைக் கூட்டிவிட்டிருந்தேன்.

புத்தகப் பையைக் கூடக் கழற்றாமல் என் பின்னால் நின்று பார்த்தாள்.

“அப்பா, இது சாயந்தர மேடு. செவப்பு எங்க?”

ஹோட்டல்காரர்கள் கேட்கிறார்கள் என்று சமாளித்தேன். அவள் ஸ்டூடியோக்காரனின் மகள். ஹோட்டல் படத்தில் மணல் வெள்ளையாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா?

“இது ஹோட்டலுக்கு இல்ல. இது உங்களுக்கு. என் ஊர எடுத்து உங்க ஊரா ஆக்கிட்டீங்க.” திரையைக் காட்டிச் சொன்னாள், “தாத்தா வீட்டுச் சுவத்துல செத்தவங்களத்தானே இப்படி மாட்டியிருந்தாங்க? இது இன்னும் சாகலப்பா.”

அழ ஆரம்பித்தாள். கடையில் இரண்டு பேர் விசாப் படத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் அழுகிறாளே என்று எனக்குக் கோபம். அவள் சொன்னதில் இருந்த உண்மையும் அந்தக் கோபத்துக்கு எண்ணெய் ஊற்றியது. எனக்கு வந்ததைச் சொல்லிவிட்டேன்.

“நம்ம ஊருக்குத்தானேம்மா போறோம்? அதுக்கு எதுக்கு அழுவுற?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “மதிப்பா” என்றாள், சோறு போதும் என்கிற மாதிரி. அதற்கப்புறம் அந்த வாரம் முழுவதும் என்னோடு பேசவில்லை. வீட்டில் சாந்தி நடுவில் தூது போனாள். அப்பாவைச் சாப்பிடக் கூப்பிடு என்றால் என் பக்கத்தில் வந்து நிற்பாள், வாய் திறக்கமாட்டாள். கோபத்திலும் மரியாதை குறையாத பிள்ளை, அதுதான் இன்னும் வதைத்தது.

எனக்குள் நியாயம் பேசிக்கொண்டே இருந்தேன். இந்த நாட்டில் பிறந்தாள் என்பதற்காக இவர்கள் இவளுக்கு ஒரு பத்திரமும் தரப்போவதில்லை. இவளுடைய பாஸ்போர்ட் இலங்கைப் பாஸ்போர்ட். மேலே படிக்க இங்கே இடம் கிடையாது, வேலைக்கு உரிமை கிடையாது. இவளுக்கு என்று இந்தப் பூமியில் ஒரு ஊர் இருந்தால் அது பதுளைதான். இதில் அழ என்ன இருக்கிறது? நியாயம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நெஞ்சுதான் ஒப்பவில்லை.

6

ஊரை விட்டுப் போவதற்கு இந்த ஊரில் படாத பாடு படவேண்டியிருக்கிறது. வருவதற்குக் கூட இவ்வளவு அலைச்சல் இல்லை. தண்ணீர்க் கட்டணம் பாக்கி இல்லை என்று ஒரு கடிதம், டெலிபோனுக்கு ஒரு கடிதம், அர்பாபுக்கு நான் எதுவும் தரவேண்டியதில்லை என்று அவர் கையெழுத்து. அவர் ஒட்டகப் பந்தயத்துக்குப் போயிருப்பார். வந்தால் தூங்குவார். இன்ஷா அல்லாஹ் என்ற சொல்லைக் கேட்டால் நாளைக்கு வா என்று அர்த்தம், அது எனக்கு வந்த முதல் வாரத்திலேயே புரிந்துவிட்டது.

கடைசியில் ஒருநாள் மூன்று பேரும் குடிவரவு அலுவலகத்துக்கு நேரில் போனோம். கவுண்டரில் ஒரு இளைஞன், நல்ல மாதிரி. எங்கள் பாஸ்போர்ட்டுகளைத் திருப்பிப் பார்த்தான். நித்யாவின் பாஸ்போர்ட்டில் பிறந்த இடம் என்று இந்த ஊரின் பெயர் இருந்தது. நிமிர்ந்து அவளைப் பார்த்து அரபில் என்னவோ கேட்டான். அவள் இந்த ஊர்ப் பிள்ளைகள் பேசுகிற மாதிரியே பதில் சொன்னாள். அவனுக்கு ஆச்சரியம். முத்திரையைக் குத்திவிட்டு, சிரித்த முகத்தோடு, உன் சொந்த நாட்டுக்குப் போகிறாய், சந்தோஷம்தானே என்று கேட்டான். அந்த அளவு அரபு எனக்கும் புரியும்.

நித்யா தலையைக் குனிந்துகொண்டாள். இந்தக் கேள்வியை நான் ஏற்கெனவே ஒரு இடத்தில் என் காதால் கேட்டிருக்கிறேன். கடையில் நான் சொன்னதற்கும் முந்தியே கேட்டிருக்கிறேன்.

நான் சிறு பிள்ளை. பதுளை ஸ்டேஷன். இலங்கையும் இந்தியாவும் போட்ட ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் பெயர் விழுந்த தோட்டத்து மக்களைக் கோச்சியில் ஏற்றி அனுப்பிய காலம். எங்கள் அப்பாவின் தங்கை மாரியாயி அத்தை, மாமா, பிள்ளைகள் எல்லோரும் போனார்கள். பிளாட்பாரம் முழுக்க அழுகை. கோச்சிக்குள் இருந்தவர்களும் வெளியே நின்றவர்களும் ஜன்னல் வழியாகக் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பத்திரங்களைச் சரிபார்த்த கிளாக்கர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். கெட்ட மனிதர் இல்லை. அத்தையின் அழுகையைப் பார்க்கப் பொறுக்காமல்தான் கேட்டார்.

“என்னம்மா, உங்கட ஊருக்குத்தானே போறியள்? பிறகேன் அழுறியள்?”

அத்தை பிறந்தது எங்கள் தோட்டத்து லயத்தில். இந்தியாவைக் கண்ணால் பார்த்ததில்லை. மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டு சொன்னார், “எங்க ஊரு மடுல்சீமைங்க.”

அந்தக் கதையை எங்கள் வீட்டில் எத்தனையோ தடவை பேசியிருக்கிறோம். ஒவ்வொரு தடவையும் அந்தக் கிளாக்கரை நான் திட்டியிருக்கிறேன். பத்திரத்தில் எழுதியதுதான் ஊரா, மனுசனுக்கு ஊர் எது என்று இவனுக்குத் தெரியுமா என்று. அதே கேள்வியை, பேச்சு மட்டும் மாறி, பெற்ற பிள்ளையிடம் நானே கேட்டிருக்கிறேன்.

அன்றைக்கு அப்பாவுக்குப் போன் எடுத்தேன். தோட்டத்துக் கடைக்காரர் வீட்டுக்கு எடுத்தால் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார். வேலை எல்லாம் முடிந்தது, வந்துவிடுவோம் என்றேன். நித்யா எப்படி என்று கேட்டார். அழுதுகொண்டு இருக்கிறது என்றேன்.

“அன்னைக்கு அந்தப் படத்தப் பாத்து எங்க ஊருன்னு சொல்லிச்சுப்பா” என்றார். “எனக்குக் கேட்டுச்சு. நாந்தான் பதினாறாம் நம்பர்னு சொல்லிட்டோமேன்னு பேசாம இருந்துட்டேன்.”

7

கடைசி வெள்ளிக்கிழமை. பிக்கப்பை ஹம்சாக்கா அவராகவே கொண்டுவந்து விட்டார். காலையில் வேண்டாம், பொழுது சாயும்போது போகலாம் என்று நித்யா சாந்தியிடம் சொன்னாள். ஹம்சாக்காவே போகச் சொன்னதால் மாலைக் கடையை அவர் தலையில் கட்டிவிட்டுப் போனோம்.

சாயந்தர மேட்டில் ஏறுவது எனக்கு இப்போது சிரமம். ஒரு அடி வைத்தால் அரை அடி கீழே இழுக்கும். சாந்தி பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள், நீங்கள் போய்விட்டு வாருங்கள் என்று. மேலே போனதும் நித்யா கமெராவைத் தூக்கிக்கொண்டு அங்கும் இங்கும் நடந்தாள். என்ன சொல்வது? அழாதே என்று இனிமேல் சொல்ல முடியாது. அழு என்றும் ஒரு அப்பன் சொல்ல முடியுமா?

“நித்யா, அன்னைக்குக் கடையில நான் சொன்னது தப்பும்மா” என்றேன். “இது ஒன்னோட ஊருதான். ஒன்னோட ஊர விட்டுத்தான் ஒன்னக் கூட்டிக்கிட்டுப் போறேன். வேற வழி தெரியல.”

அவள் கமெராவில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. அங்கே போய் நில்லுங்கள் என்று கையைக் காட்டினாள். நின்றேன். இத்தனை வருஷத்தில் நான் எடுத்த படம் ஆயிரக்கணக்கில் இருக்கும். அதில் நான் நிற்கும் மணல்மேட்டுப் படம் ஒன்றுகூட இல்லை. எனக்கு அது தோன்றியதே இல்லை. வெயில் முகத்துக்கு நேரே. காது தெரிகிறதா, பல்லு தெரியக்கூடாதா என்று கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்போது எடுத்துவிட்டாள்.

திரையில் பார்த்துவிட்டு என் கையில் கொடுத்தாள்.

“இத மட்டும் கறுப்பு வெள்ளை ஆக்காதீங்கப்பா. ஆக்கினா நீங்க இங்க இருந்ததே தெரியாது.”

நான் கமெராவை வாங்கிப் பார்த்தேன். அவள் சொல்வது சரிதான். இங்கே ஒருவன் இருந்தான், தலை நரைக்கும் வரை இருந்தான். ஒரு பிள்ளையைப் பெற்றான், வளர்த்தான். அவன் மட்டும் ஒருநாளும் இங்கே இல்லாத மாதிரியே இருந்துவிட்டான்.

மறுநாள் கடையில் இயந்திரத்தை மூடுவதற்கு முன்னால் கடைசியாகப் போட்ட பிரதி அதுதான். முழு வண்ணத்தில், அப்பா வீட்டுச் சுவரில் மாட்டுகிற அளவுக்குப் பெரிதாக. ஈரம் காயும்வரை பக்கத்திலேயே நின்றேன். படத்தில் நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன், என் காலடியில் இருந்து தொடுவானம் வரை மணல் சிவந்து கிடக்கிறது. மழைக்காலத்தில் மடுல்சீமைப் பாதையின் மண்ணும் இப்படித்தான் சிவக்கும் என்று இங்கே எழுத வந்தேன். எழுதிவிட்டு அடித்துவிட்டேன். இது என் மகளின் ஊர் மண். இதன் நிறம் இதுதான்.